நான் பார்த்துக் கொடுத்த வீடு

போன செவ்வாய்க்கிழமை, காஞ்சிபுரம் ஓரிக்கை ரோட்டில் ஒரு டீக்கடை. பழைய நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகனுக்குச் சென்னையில் வேலையாம். குடும்பத்தோடு போகிறானாம்.

"உனக்குத்தான் மெட்ராஸ் அத்துப்படியாச்சே. எந்த ஏரியா நல்லா இருக்கும், சொல்லுபா."

"தெரியாது" என்றேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மனுஷர் என்ன நினைத்தாரோ!

ஆறு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் அளந்திருப்பேன். தண்ணீர் வருமா, மழைக்கு மூழ்குமா, ஸ்கூல் எவ்வளவு தூரம், காஞ்சிபுரம் பஸ் நிற்குமா... எல்லாம் விரல் நுனியில். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்? உங்களுக்குத் தெரியாததா!

அந்தப் பீற்றலால் அடிபட்டது என் அக்கா மகள் சுமதி. (ஆட்கள் பெயர், ஏரியா பெயர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அந்த அறிவாவது இப்போது வந்திருக்கிறது.)

அக்கா உயிரோடு இல்லை. சுமதியின் புருஷன் குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். ஒன்பது வருஷம் பொறுத்தாள். ஒருநாள் பிள்ளைகள் கண்ணெதிரிலேயே அவள் கழுத்தை நெரித்துவிட்டான். அன்றைக்கே ஏழு வயசுப் பெண்ணையும் நாலு வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு சென்னையில் ஒரு கடையில் பில்லிங் வேலை கிடைத்தது. அவனுக்குத் தெரியாத இடமாக ஒரு வீடு வேண்டும். பார்க்கும் பொறுப்பு? வேறு யார்... நான்தான்.

அவளே ஒன்று விசாரித்து வைத்திருந்தாள். மணலிப் பக்கம்.

"அங்க நம்ம ஜனங்க யார்மா இருக்காங்க?" என்றேன்.

"யாரும் இல்ல மாமா. அதுக்குத்தான்."

கேட்டேனா? "ஆள் தெரியாத இடத்துல ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கினு என்னா பண்ணுவே? திடீர்னு பையனுக்கு ஜுரம் வந்தா யாரைக் கூப்பிடுவே? நாலு பேர் வேணாமா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

பூந்தமல்லி தாண்டி ஒரு நகரில் வீடு பிடித்தேன். தெருவில் பாதிப்பேர் நம்ம ஊர்க்காரர்கள். எதிர்வீட்டில் ஏகாம்பரம் — ரவிக்கைத் துணி வியாபாரம், இருபது வருஷமாக அங்கே இருப்பவர். அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"காஞ்சிபுரமா? எந்தத் தெரு?"

நம்ம ஊரில் இது சாதாரணக் கேள்வியா? தெருவைச் சொன்னால் போதும் — வீட்டில் எத்தனை தறி, என்ன குலதெய்வம், யாருக்கு யார் சம்பந்தி, எல்லாம் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். சென்னையில் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எனக்கு மனசு குளிர்ந்துபோனது. எங்கள் தெருவைச் சொன்னேன். சுமதி வாழ்க்கைப்பட்ட தெருவையும் சொன்னேன். "புருஷன் சரியில்ல" என்று ஜாடையாக விஷயத்தையும் சொன்னேன். அவனுக்குத் தெரியக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. நம்ம ஆளிடம் அதைச் சொல்ல வேறு வேண்டுமா என்ற நினைப்பு!

"நம்ம பொண்ணு. கொஞ்சம் பார்த்துக்கங்க."

"கவலையே படாதேபா. எம் பொண்ணு மாதிரி."

பார்த்துக்கொண்டார். குறை சொல்ல முடியாது. பால் காய்ச்சிய அன்று குடும்பத்தோடு வந்து நின்றார். பையனுக்கு நிஜமாகவே ஜுரம் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான். நான் போனில் சுமதியிடம் மார்தட்டினேன்.

மூன்றாம் மாதம் ஏகாம்பரம் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் வந்தார். பந்தியில் பக்கத்து இலையில் சுமதியின் புருஷன். "எந்தத் தெரு?" என்று இவர் ஆரம்பிக்க, யார் என்பது ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டது. "எம் பிள்ளைங்க மூஞ்சியைப் பார்க்காம செத்துடுவேன் பெரியவரே" என்று சோற்றில் கை வைக்காமல் அழுதானாம். இவருக்கு மனசு இளகிவிட்டது. அட்ரஸை எழுதியே கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை, சுமதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். பெண் தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலில் நின்று கத்தியிருக்கிறாள். தெருவே திரண்டு வந்து கதவை உடைத்தது. நான் சொன்ன நாலு பேர் இருந்தார்கள்தான்... அவள் கை இரண்டு இடத்தில் முறிந்த பிறகு.

ஆஸ்பத்திரி வராண்டாவில் ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "குடும்பம் ஒண்ணு சேரட்டுமேன்னுதான்பா சொன்னேன்..."

ஓங்கி ஒன்று விடலாமா என்று இருந்தது. ஆனால், யாரை அறைவது? இன்னார் பெண், இன்னார் பெண்டாட்டி என்று அவருக்கு வாய் வலிக்கச் சொன்னது யார்? சுமதி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. சுமதி மாவுக்கட்டோடு தானே அலைந்து வேறு வீடு பிடித்தாள். காலி செய்த அன்று போய்ப் பாத்திரங்களை மூட்டை கட்டிக் கொடுத்தேன். டெம்போ கிளம்பும்போது என் வாய் சும்மா இருக்கிறதா?

"எந்தப் பக்கம்மா வீடு?"

"சொல்ல மாட்டேன் மாமா. கோச்சிக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா, நல்லதுன்னு நினைச்சுக்கினு யார்கிட்டயாவது சொல்லிடுவீங்க."

டெம்போ மெயின் ரோட்டில் இடது பக்கம் திரும்பியதா, வலது பக்கமா... நான் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.