நரைக்காக அழைத்தார்கள்

அந்தப் போட்டோவில் நான் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். காற்றில் முடி பின்னால் போய், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் வெள்ளை நன்றாகத் தெரிகிறது. கொரோனா சமயத்தில் கடைகள் மூடிக் கிடந்தபோது சாயம் பூசுவதை விட்டவள், பிறகு தொடங்கவே இல்லை. சோம்பல்தான் காரணம். கொள்கை எதுவும் கிடையாது.

படம் எடுத்தவள் என் மகள். கோயம்புத்தூரில் ஆடை வடிவமைப்பு படிக்கிறாள். அங்கே பருத்திச் சேலை விற்கும் ஒரு சின்ன நிறுவனம், தங்கள் விளம்பரப் படங்களுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிய, நரைத்த முடியுள்ள சாதாரணப் பெண்கள் வேண்டும் என்று கேட்டிருந்ததாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படத்தை அனுப்பிவிட்டாள். நேரில் வரச் சொல்லிப் பதில் வந்த பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

"அம்மா, கத்தாத. அடுத்த ஞாயித்துக்கிழமை நீ மாடலிங் செலக்‌ஷனுக்கு வர்ற."

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். இருபது வருடமாக அதே நாற்காலி. யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று வெளியே வந்து, "எனக்கென்னடி தெரியும்?" என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத யாரோ என் முகத்தைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் அது எனக்கு இனித்தது. எந்த பஸ்ஸில் வருவது என்று மட்டும் கேட்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து உத்தரவுகள் வந்தன. உயரம், இடுப்பளவு எல்லாம் அளந்து அனுப்ப வேண்டும். உயரத்தை என் கணவர் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தார். மற்ற அளவுகளுக்குத் தெருமுனைத் தையல்காரம்மாவிடம் போனேன். "இடுப்பளவு எதுக்குக்கா? நீங்க சேலைதான கட்டுவீங்க?" என்றாள். சுடிதார் தைக்கப் போவதாகச் சொன்னேன். துணி எங்கே என்று கேட்டாள். பிறகு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடையைப் பழகிக்கொள் என்றாள் மகள். நடக்கப் பழகுவதா? பிறந்ததிலிருந்து நடக்கிறேன். ஆனால் காலையில் மொட்டை மாடியில், துணிக்கொடிக்கு நடுவே, 'இயல்பாக நட' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காலை எடுத்து வைத்ததும் என் கை கால் எல்லாம் வேறு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. கையை வீசினால் அணிவகுப்பு. வீசாவிட்டால் நோயாளி. அடுத்த மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் செத்த நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னக்கா, டாக்டர் நடக்கச் சொன்னாரா? சுகரா?"

"ஆமாம்மா. இப்பத்தான் ஆரம்பம்."

"பாகற்காய் சாப்பிடுங்க" என்றாள் கரிசனமாக.

மகள் எல்லா உத்தரவுகளுக்கும் கடைசியில் ஒன்றை மட்டும் தினமும் திரும்பச் சொன்னாள். "முடியில மட்டும் கை வச்சிராதம்மா. போட்டோல எப்பிடி இருந்தியோ அப்பிடியே வா." சரி, சரி என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் வடமதுரையிலிருந்து என் அக்கா வந்தாள். என் கணவர்தான் பெருமையாகப் போனில் சொல்லியிருக்கிறார். வெங்காயம் எடுக்க ஆள் விட்டிருந்த நாள். காட்டை மச்சானிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்திருந்தாள். பையில் மல்லிகைப்பூ, ஒரு பட்டு ரவிக்கை, அதற்கு அடியில் தலைச்சாய டப்பா.

"ஏன்டி, இம்புட்டுப் பேரு பாக்குற எடத்துக்கு இந்தத் தலையோடயா போவ?"

"வெள்ளை முடி இருக்கிறவங்களைத்தான்க்கா கேட்டிருக்காங்க."

"கேப்பாக. பேச்சுக்குச் சொல்றது அது. நரைச்ச தலைய எவன் காசு போட்டுப் படம் புடிப்பான்? உம் மக சின்னப் புள்ள, அவளுக்கு என்ன வெவரம் தெரியும்? வா, உக்காரு."

என் கணவரைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "அவங்க சொல்றதும் சரியாத்தான இருக்கு" என்றார்.

வேண்டாம்க்கா என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பழைய துண்டு ஒன்றை என் தோளில் சுற்றி, வகிடு வகிடாகப் பிரித்துப் பூச ஆரம்பித்தாள். இந்தப் பழியை அவள்மேல் போட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வாரமும் எனக்குள்ளேயே ஒரு பயம் இருந்தது. நரைத்த தலையோடு அத்தனை விளக்குகளுக்கு முன்னால் நின்றால் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அக்கா வந்து அதை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் விரல் தலையில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அலசும்போது கறுப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்த்ததும்தான் செய்த காரியம் உறைத்தது. கண்ணாடியில் முகத்துக்கு ஐம்பது, முடிக்கு முப்பது. அக்கா கன்னத்தை வழித்து, "இப்பத்தான் ஆளு மாதிரி இருக்க" என்று சொல்லி, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவள் போனதும் ஷாம்பு போட்டு மூன்று முறை குளித்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். எண்ணெய் தடவி மறுபடி அலசினேன். கண் எரிந்ததுதான் மிச்சம். மகள் வீடியோவில் அழைத்தபோது எடுக்காமல், கரண்ட் இல்லை என்று செய்தி அனுப்பினேன்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை, இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். பழனியில் ஏறிய ஒரு மொட்டைத் தலைக் குடும்பத்தைப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

கோயம்புத்தூரில் மகள் காத்திருந்தாள். என்னைத் தேடிய அவள் கண் என்னைக் கடந்து போய்த் திரும்பி வந்தது. என் பையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகுதான் பேசினாள்.

"பெரியம்மாவா?"

"நானுந்தான்" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேர்வு நடந்த கூடத்தில் பதினைந்து பெண்கள் இருந்தோம். சாம்பல், வெள்ளை, பாதி வெள்ளை என்று எல்லாத் தலையும் விரித்துவிடப்பட்டிருந்தது. கறுப்புத் தலை என்னுடையது மட்டும்தான். கையில் எண் எழுதிய அட்டை தந்து வெள்ளைத் திரை முன்னால் நிறுத்தினார்கள். கையில் டேப்லெட் வைத்திருந்த பெண் அதிலிருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம், இது நீங்கதானா?"

"நான்தாங்க. நேத்து..." என்று ஆரம்பித்தேன். நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியால் தன் தலையில் என்ன பூசுவது என்று தானே முடிவெடுக்க முடியவில்லை என்பதை முன்பின் தெரியாத சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

அவள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். வலது பக்கம் திரும்பச் சொன்னாள், இடது பக்கம் திரும்பச் சொன்னாள், கூடத்தின் கடைசிவரை நடந்து வரச் சொன்னாள். ஆச்சரியம், அன்றைக்கு நன்றாகவே நடந்தேன். இழக்க ஏதும் இல்லாததால் கால் தானாகப் போனது. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எதுவும் வரவில்லை.

தேர்வுக்கு மறுநாளே அக்கா போன் செய்தாள். "என்னடி ஆச்சு? எடுத்துக்கிட்டாகளா?"

"இல்லக்கா. வயசு கூடிப்போச்சுன்னுட்டாங்க."

அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "சாயம் போட்டும் தெரிஞ்சிருச்சாடி?"

"தெரிஞ்சிருச்சுக்கா."

"போறாக விடு. நீ ஒழுங்காச் சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். வெங்காய விலை, மச்சானுக்கு முழங்கால் வலி என்று அவள் பேச்சை மாற்றினாள். நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. மகளுக்கு என்மேல் இருந்த வருத்தம் மெல்லப் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். அவளிடம் கேட்டதில்லை.