செத்தவர் பாட்டுப் பெட்டி

பேரன் வாங்கி வந்த பழைய ஆர்மோனியத்தைத் திறந்ததும் தோலும் மெழுகுவத்தியும் கலந்த வாசனை அடித்து, கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் மாதா கோயிலுக்கே என்னை இழுத்துப் போய்விட்டது. பூசை முடிந்ததும் வெள்ளைக்காரச் சாமியார் கோயில் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைக் காலால் மிதிப்பார். அவருடைய பெட்டி பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பாடும். ஒவ்வொரு பாட்டையும் கட்டியவர் யாரென்று சொல்வார்: இவர் கடலுக்கு அந்தப் பக்கம், செத்து இருநூறு வருசம்; இவர் அவருக்கும் மூத்தவர்; இந்தக் கீர்த்தனைக்காரர் தஞ்சாவூர், போன தலைமுறையில் போய்ச் சேர்ந்தார். உயிரோடு ஒருத்தர்கூட இல்லை.

"செத்தவுக மூச்சத்தான் உள்ள அடச்சு வச்சிருக்காக," என்று அப்போது சின்னப் பிள்ளையான நான் கிளப்பிவிட்டேன். ஊரே நம்பியது, கடைசியில் நானும் நம்பினேன்.

ஒருநாள் பெட்டி எங்களுக்குத் தெரிந்த ஒப்பாரியை இழுத்தது. மலையில் அணை வேலைக்குப் போய்க் காய்ச்சலில் செத்த புருசனுக்காக என் சித்தி அந்தோணியம்மா தானே கட்டி அழுதது அது. கல்லறையில் கேட்டு, சாமியார் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

சித்தி தூணைப் பிடித்து எழுந்தாள்.

"சாமி, நான் எப்பச் செத்தேன்?"

"நீ உயிரோடுதானே இருக்கிறாய், அந்தோணியம்மா!" அவர் சிரித்தார்.

"அப்ப எம் பாட்டு எப்பிடி அங்கன போச்சு?"

அவருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. சித்தி என் பக்கம் கையை நீட்டினாள்.

"என்னையக் கிள்ளிப் பாருடி."

நகம் பதிய, பலங்கொண்டமட்டும் கிள்ளினேன். சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் கிள்ளுடி," என்றாள்.