மூன்றாம் நாள் வார்த்த தண்ணீர்

அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, பரவியதால் மூடியிருந்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் இரண்டு கிழமைக்குப் பிறகு திறந்தது. கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்த பிள்ளைகளை மட்டுமே எடுப்பார்கள். என் மகளுக்குக் கொப்புளம் போட்டு அன்றுதான் மூன்றாம் நாள். அவளுடைய தாய் யாழ்ப்பாணம் போன இடத்தில், சண்டையால் பாதை மூடி அகப்பட்டிருந்தாள். நான் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆளைப் போடுவார்கள். விடியவே வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் வார்த்து, நீளக்கைச் சட்டை மாட்டிக் கூட்டிப்போனேன்.

வாசலில் டீச்சர் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தார்.

"என்ன ஐயா, ஒண்டும் காயேல்லையே. எத்தினை நாள்?"

"பத்து நாள், டீச்சர்."

"இல்லையப்பா, சனிக்கிழமைதானே வந்தது," என்றாள் மகள்.

"பிள்ளைக்குக் கணக்கு வருது, உங்களுக்குத்தான் வரேல்லை. தண்ணி வார்த்த உடனை அம்மாள் போயிடுவாவோ? வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ."

ஈரத் தலையோடு அவளுக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. அறையில் படுக்கவைத்து, பாணும் தண்ணீரும் பக்கத்தில் வைத்தேன்.

"வெளியாலை பூட்டிப்போட்டுப் போறன். பொலிஸ் தமிழாக்களைத் தேடிச் சோதனைக்கு வந்து தட்டினாலும் சத்தம் போடாதை."

"கதவை உடைச்சா, அப்பா?"

பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.