தங்கத்தில் விழுந்த உப்பு

நான் கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மாதுளைச் சாறுபோல் சிவப்பாகத் தெரியும். உப்பைப் போட்டால் துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். அதைக் காட்டத்தான் மஞ்சக்குட்டையில் ஒரு பள்ளிக்கு, கண்ணாடி டம்ளர் நிறையச் சிவப்புத் தங்கத்தோடு போயிருந்தேன்.

பிள்ளைகள் என்னையே உற்றுப் பார்த்தார்கள். அங்கே சமைக்கும் அக்கா, "இத்தன புள்ளைங்க கண்ணும் உங்க மேலதானுங்க இருக்குது" என்று கைப்பிடி கல் உப்போடு வந்து என் தலையைச் சுற்றினார். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைப்பது வழக்கம். மேசையில் இருந்த சிவப்புத் தண்ணீரை ஆரத்தி என்று நினைத்து அதிலேயே போட்டுவிட்டார்.

கண்ணெதிரே டம்ளர் முழுவதும் நீலமானது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைசியில் காட்ட வேண்டியது, நான் வாய் திறக்கும் முன்பே முடிந்துவிட்டது. வேறு தங்கமும் கைவசம் இல்லை.

"பாத்தீங்களா, நொம்பக் கண்ணு பட்டிருக்குதுங்க" என்றார் அக்கா.

ஒரு சிறுமி எழுந்தாள். "உப்பு போட்டா எதுக்குங்க மிஸ் நீலமாவுது?"

இத்தனை வருடம் பாடம் நடத்தியும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கோபம் போன இடம் தெரியவில்லை. பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, "இது சிவப்பு" என்றேன். கும்பலாக ஒட்டி நிற்கவைத்து, "இது நீலம்" என்றேன். வகுப்பே சிரித்தது.

அக்காவும் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரிதானுங்க. ஆனா இப்பத்தான் உங்க மொகம் தெளிஞ்சிருக்குது."

இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் யாரையாவது எனக்கு உப்பு சுற்றித் தங்கத்தில் போடச் சொல்கிறேன். பாடம் அதற்குப் பிறகுதான்.