காவிக்கு அடியில் இருந்த புண்

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு சாரல் பருவங்கள் குற்றாலத்தில் இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் ஒரே ஊரில் அவ்வளவு நாள் தங்கியது அங்கேதான். வாசுதேவநல்லூர்க்காரன் ஒருவன் எனக்குக் கூட்டாளி. மலையடிவாரத்தில் மாட்டுப்புல் அறுத்துத் தென்காசியில் விற்போம். களைத்தால் புல்லிலேயே படுத்துத் தூங்குவோம். நல்ல நாட்கள்.

இரண்டாம் வருடம் எனக்குக் காய்ச்சல் கண்டது. தலை பிளந்தது, கண் சிவந்தது, தொடையிடுக்கில் நெறி கட்டியது. இடுப்பில், அரைஞாண் கயிறு உரசும் இடத்தில், கறுப்பாக ஒரு புண். வலியே இல்லை.

"ஏலே, பீடியால சுட்டுக்கிட்டியா?" என்றான் கூட்டாளி. சுற்றிலும் சிவந்திருந்ததைப் பார்த்ததும், "இது அக்கிலே. விட்டா இடுப்பைச் சுத்திரும்" என்று குயவரிடம் இழுத்துப் போனான். எங்கள் பக்கம் அக்கிக்கு எழுதுவது குயவர்தான். அவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் புண்ணின் மேலேயே ஒரு சிங்கம் வரைந்தார். எனக்கு நாய்போல்தான் தெரிந்தது.

காய்ச்சல் இறங்கவில்லை. செங்கோட்டை டாக்டர் ஒருவர் மலேரியா என்று மாத்திரை கொடுத்தார். பிறகு டைபாய்டாக இருக்கும் என்றார். நாங்கள் இடுப்பைக் காட்டவே இல்லை. அது வேறு நோய், அதற்குத்தான் வைத்தியம் ஆகிவிட்டதே என்று இருந்துவிட்டோம். ஒன்பதாம் நாள் பிதற்றத் தொடங்கினேனாம். கூட்டாளி என்னை மாட்டுவண்டியில் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுபோனான். அங்கே பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் இருந்தார். நடந்ததைக் கூட்டாளிதான் பிறகு சொன்னான்.

"என்னடே இது, கோலமா?" என்று கேட்டு டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றியிருக்கிறார்.

"அக்கிக்கு எழுதின சிங்கம் சார், அழிச்சிராதீய!"

"நீ சிங்கத்தைப் பாக்க. நான் இவன் உசுரைப் பாக்கேன். கையை எடு."

காவி போனதும் கறுப்புப் புண் தெரிந்தது. "புல்லுல படுப்பீங்களோ? கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடிச்சிருக்கு. அஸ்ஸாம் காட்டுல நெறைய பாத்திருக்கேன். மத்த காய்ச்சலும் இப்படித்தான் அடிக்கும். இந்தக் கறுப்புதான் காட்டிக்கொடுக்கும்."

அவர் கொடுத்த மாத்திரையில் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. இன்று அதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள்.

அதன்பிறகு தினமும் மலையிறங்கியதும் சட்டையைக் கழற்றி ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்வோம். "திரும்புலே" என்பான். மச்சத்தைக்கூடச் சுரண்டிப் பார்ப்பான். சாரல் முடிந்து நான் ரயிலேறிய அன்றும், பிளாட்பாரத்தில் என் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.