மடியில வச்சா லோடு இல்ல

லோடு வண்டி ஓட்டுறவனுக்குப் பள்ளம் மேடெல்லாம் பகை இல்ல. "கொஞ்சூண்டு லோடுதாண்ணே"ன்னு போன்ல சொல்றவகதான் பகை. என்னைய மாதிரி குட்டியானைங்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுற சகபாவிகளுக்கு இது புரியும்.

இந்த இங்கிலீஷ் வார்த்தை தேனியில பாக்குற வேலை கொஞ்சமா? மார்க்கெட்ல தக்காளி ஏத்துனா லோடு. டிரான்ஸ்ஃபார்மர் தாங்கலைன்னா லோடு. போன்ல படம் சுத்திக்கிட்டே நின்னா லோடு ஆகுதும்பாக. சாயங்காலம் ஒருத்தர் தள்ளாடிக்கிட்டு வந்தா, அவரும் லோடு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சப்ப டிக்‌ஷனரியைப் புரட்டுனேன். ஆதியில அதுக்கு வழி, பயணம்னுதான் அர்த்தமாம். கனம் பின்னாடி வந்து ஏறிக்கிருச்சாம். எப்படி ஏறுச்சுன்னுதான் எனக்கு விளங்கல.

போன மாசம் பின்சக்கரத்து ஸ்பிரிங் பிளேட்ல விரிசல். மெக்கானிக் குனிஞ்சு பாத்துட்டு, "மதுரையில இருந்து புதுசு வர்ற வரைக்கும் பாதி லோடுதாண்ணே. மீறுனா வண்டி நடுரோட்டுல உக்காந்துரும்"னாரு. வண்டி உக்காந்தா என் பொழப்பும் உக்காந்துரும். அந்த வாரத்துல நடந்ததுதான் இதெல்லாம்.

வாழைத்தார்

சின்னமனூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரர். பாதி வண்டிதான்னு முன்கூட்டியே சொல்லிட்டேன். நல்லாத் தலையாட்டுனாரு. நான் கயித்தைக் கட்டிட்டு நிமிந்தா, மேல புதுசா ஒரு அடுக்குத் தாரு உக்காந்திருக்கு.

"என்னண்ணே இது?"

"அது சம்பந்தி வீட்டுக்குப்பா. விக்கப் போறதுதான லோடு?"

கிரைண்டர் கல்லு

பழனிசெட்டிபட்டியில ஒரு அக்கா வீடு மாத்துனாக. போதும்க்கான்னு பின்கதவைச் சாத்திட்டு வந்தா, அவுக முன்சீட்டுல கிரைண்டர் கல்லை மடியில வச்சுக்கிட்டு, பிள்ளையைப் பிடிச்சிருக்க மாதிரி உக்காந்திருக்காக. "யக்கா, அதுவும் கனந்தான"ன்னேன். என்னையை ஏற இறங்கப் பாத்தாக.

"உன் வண்டி மேலயா வச்சிருக்கேன்? என் மடி மேலல்ல வச்சிருக்கேன்!"

பால் காய்ச்சுற வீடு

விடிஞ்சா புது பிளேட் வந்துரும். அன்னிக்கு ஒரே ஒரு நடை, ஆண்டிபட்டிக்கு. புதுசாக் கல்யாணம் ஆன பொண்ணுக்குத் தனிக்குடித்தனம். பீரோ, கட்டில், ரெண்டு அண்டா, அவ்வளவுதான். டீ குடிச்சிட்டு வந்தா, கட்டில் மேல சொந்தபந்தம் பூராவும் ஏறி உக்காந்திருக்கு. "இறங்குங்கய்யா, பிளேட் தாங்காது"ன்னு கெஞ்சுனேன்.

"நாங்க லோடு இல்லப்பா"ன்னாரு பொண்ணோட அப்பா. "லோடைப் பிடிச்சுக்கிறதுக்கு வர்றோம். நல்ல நேரம் போகுது, எடு வண்டியை!"

எடுத்தேன். ஊருக்குள்ள நுழையிற வேகத்தடையில 'டங்'குன்னு ஒரு சத்தம். வண்டி ஒருக்களிச்சுப் படுத்துக்கிருச்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்ல. வீடு அடுத்த தெருதான். லோடைப் பிடிக்க வந்தவக எல்லாரும் இப்ப லோடைத் தூக்குனாக. பீரோவுக்கு முன்னால பொண்ணோட அப்பா. நேரம் தப்பாமப் பால் பொங்கிருச்சு, வண்டிதான் எந்திரிக்கல. வேர்த்து ஒழுக அவரு திரும்பி என்கிட்டயே வந்தாரு.

"ஏம்ப்பா, இம்புட்டுக் கனத்தை ஏத்தும்போது நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

வழியா இருந்த வார்த்தை மேல கனம் எப்படி ஏறுச்சுன்னு இப்ப எனக்கு விளங்கிருச்சு: அதுவும் யாரு மடியிலயோ உக்காந்துதான் வந்திருக்கும்.