முப்பத்தோராம் நாளுக்கு முன் ஓர் ஓநாய்

போன கிழமை முயலுக்கு வந்த பார்சல் ஒன்று எங்கள் வாசலில் கிடந்தது. நாங்கள் இப்போது மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் இருக்கிறோம். பஸ் நினைத்த நேரம் வரும் தெரு. பார்சல் கொண்டுவருகிறவர்களும் அப்படித்தான், கண்ட வாசலில் எறிந்துவிட்டுப் பறந்துவிடுவார்கள். பெட்டியில் ஸாய்சென்கோ என்று பெயர் இருந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த உக்ரேன் குடும்பம். தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எனக்கோ வாய் சும்மா கிடக்காது. "முயலின் மகனே, உங்கள் பெட்டி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் ஒரு நிமிடம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கறுத்த ஆள் ஒருவர் தன் பெயருக்கு அர்த்தம் சொல்லுவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவர்கள் அப்போதுதான் தரை துடைத்திருந்தார்கள். பைன் மர வாசம் போட்ட அந்தத் தரை கழுவும் திரவம் இருக்கிறதே, அது மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தேத்தண்ணி குடிக்க வரச் சொன்னார். அலுவல் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த மணத்தோடு நான் ஏழு வருடம் வாழ்ந்திருக்கிறேன். கோட்-டெ-நெய்ஜில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. எங்கள் குழுவில் எட்டுப் பேர். தமிழன் நான் ஒருவன்தான். மேற்பார்வையாளர் என்னை 'கந்தையா, கந்தையா' என்று கூப்பிடுவார். அது என் அப்பாவின் பெயர். பாவம் அப்பா, ஊரில் தபாற்கந்தோரில் கதிரையை விட்டு எழும்பாமல் வேலை செய்தவர், மொன்றியலில் என் கையால் நாள் முழுக்கக் கக்கூஸ் கழுவினார்.

இந்தப் பெயர் விசயத்தை ஒருநாள் கோப்பி நேரத்தில் சொல்லி அழுதபோதுதான் ஹலினா வொவ்சென்கோ எனக்கு மற்றவர்களின் பெயர்களை விளக்கினாள். என் வயதுக்காரி. உக்ரேனில் சரித்திரம் படிப்பித்தவள், இங்கே வந்து என்னைப்போல மொப் பிடித்தாள். எனக்கும் அவளுக்கும் இடையில் ஓடியது பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு, மிச்சம் கை. "உனக்காவது அப்பாவின் பெயர். இங்கே சுற்றிப் பார், ஒரு மிருகக்காட்சிசாலை" என்றாள். மூலையில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்த போலந்துக்காரர் பாரான்: செம்மறிக்கடா. லிப்டுக்குப் பக்கத்தில் நிற்கிற கொமார்: இரவில் கடிக்கிற நுளம்பு. ஓயாமல் கதைக்கிற ஸொரோக்காவின் பெயரும் ஒரு வாயாடிப் பறவையின் பெயர்தானாம்.

அந்தக் காலத்தில் நச்சரிக்கிறவனை ஊர் நுளம்பு என்று கூப்பிட்டது. அவன் செத்தும் பெயர் சாகவில்லை. மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. பெயருக்குப் பின்னால் வருகிற 'என்கோ' என்பது இன்னாரின் மகன் என்று காட்டுகிற வால். எங்கள் ஊரில் ஆளுக்கு முன்னால் பட்டப்பெயரைச் சொன்னால் வேலி பாய்ந்து வந்து அடிப்பார்கள். இவர்கள் அதைப் பாஸ்போட்டில் போட்டுக்கொண்டு திரிகிறார்களே என்று நான் வியந்தேன். கரடிக்கு அவர்களிடம் பெயரே இல்லை என்பது இன்னொரு புதினம். உண்மைப் பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து 'தேன் தின்னி' என்று சொல்லிச் சொல்லி, பழைய பெயரை மறந்தே போனார்களாம். இரவில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாத சனம் நாங்கள். எனக்கு அது விளங்கியது.

"அப்ப உன்ர பெயர்?" என்று கேட்டேன். "ஓநாயின் மகன்" என்றாள். அதற்கு மேல் அன்றைக்குச் சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

மிச்சத்தை அவள் சொன்னது அடுத்த வருடம் பெப்ரவரியில்.

என் மனைவி வசந்திக்குக் கொழும்பில் இரண்டு தரம் கரு கலைந்தது. மூன்றாம் தரம் இங்கே தங்கியது. இரட்டை என்றார்கள். இரண்டு பேரும் பத்துக் கிழமை முந்தி வந்து பிறந்தார்கள், ஆண் ஒன்று, பெண் ஒன்று, நான் தரை துடைத்த அதே ஆஸ்பத்திரியில். நான் இரண்டாம் மாடியில் வேலை. பிள்ளைகள் ஐந்தாம் மாடியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில். கியூபெக்கில் கலியாணம் முடித்தாலும் பெண்ணுக்குத் தகப்பன் வழிப் பெயர்தான். ஆஸ்பத்திரி பிள்ளைகளுக்குத் தாயின் பெயரைத்தான் ஒட்டும், ஆகவே பெட்டிகளில் 'பேபே சின்னத்துரை 1', 'பேபே சின்னத்துரை 2' என்று மாமனாரின் பெயர் ஒட்டியிருந்தது. உயிரோடிருந்த காலத்தில் ஒரு கட்டிலில் அடங்காத மனிதர், இரண்டு பெட்டியில் ஒரு கையளவு, ஒரு கையளவாகப் படுத்திருந்தார். நானும் வசந்தியும் அதைப் பார்த்து ஒரே ஒரு தரம் சிரித்தோம்.

தாதி ஒவ்வொரு நாளும் கேட்டாள், பிள்ளைகளுக்கு என்ன பெயர் என்று. பெயரைச் சொல்லிக் கதைத்தால் பிள்ளைகளுக்கும் நல்லது என்றாள். பிறப்புப் பதிவுக்கு முப்பது நாள் தவணை என்று ஒரு படிவமும் தந்தாள். எங்களுக்கோ பிள்ளை பிறந்த துடக்குக் கழித்துப் பெயர் வைப்பது முப்பத்தோராம் நாள். அரசாங்கத்துக்கும் எங்களுக்கும் ஒரேயொரு நாள் வித்தியாசம்.

"முப்பத்தொண்டு கழியட்டும்," என்றாள் வசந்தி. "அதுக்கு முன்னம் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதப்பா. ரெண்டைக் குடுத்திட்டன். இந்த முறை ஒரு பிழையும் விடமாட்டன்."

"ஓம், நீர் சொல்லுறது சரி" என்றேன். வாய்க்குச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன். இன்றைக்கு அவள் தலையில் மட்டும் பழியைப் போட்டால் என் நாக்கு அழுகிப் போகும். இவன், இவள் என்று கதைத்தோம். இவன் பால் குடிக்கிறானில்லை, இவள் நல்லாய்க் குடிக்கிறாள்.

உண்மையில் இவளைப் பற்றி ஒருவருக்கும் கவலையே இருக்கவில்லை. கால் உதைப்பாள். மூக்குக்குள் விட்ட குழாயைப் பிடுங்குவாள். டொக்டரே அவளைப் பார்த்துச் சிரிப்பார். இவன்தான் எங்களைக் கொன்றான். இருந்தாற்போல் மூச்சை நிறுத்திவிடுவான். மெஷின் கத்தும். தாதி ஓடிவந்து காலைச் சுண்டுவாள். நாங்கள் இரண்டு பேரும் சுவரோடு சாய்ந்துகொண்டு அந்தத் திரையில் இலக்கம் ஏறுகிறதா என்று பார்ப்போம். ஏறும். பிறகு இன்னும் ஒரு மணித்தியாலத்தில் திரும்பவும் கத்தும். எனக்கு இன்றைக்கும் வீட்டு மைக்ரோவேவ் சத்தம் போட்டால் நெஞ்சு திடுக்கிடும். பிள்ளை பிறந்து எத்தனை வருடம், இந்த நெஞ்சுக்கு இன்னும் புத்தி வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் டொக்டர் எங்களை இருத்தி வைத்துக் கதைத்தார். பையனுக்கு நெஞ்சுச் சளி கட்டியிருக்கிறது, எதற்கும் ஆயத்தமாக இருங்கள் என்றார். வசந்தி பெட்டியை விட்டு அசையவில்லை. நான் கீழே வந்து, வேலையாட்கள் பாவிக்கிற படிக்கட்டில் குந்தி அழுதேன். ஹலினா ஐந்தாம் மாடியைத் துடைக்கிறவள், அவளுக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் வந்து இருந்தாள்.

"என் பெயர் எப்படி வந்தது தெரியுமா?" என்றாள். அவர்களுடைய வம்சத்தில் ஒருத்திக்கு மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்து பிறந்து செத்தன. நாலாவதை, பிறந்த அந்த நாழியிலேயே, ஓநாய் என்று கூப்பிட்டார்கள். சாவு வாசலில் வந்து நின்று உள்ளே யார் என்று கேட்டதாம். ஓநாய் என்றார்களாம். வேறு வீடு பார்க்கப் போய்விட்டதாம். "அந்த ஓநாயின் பிள்ளைகள்தான் நாங்கள். நீ எதற்காக முப்பத்தொரு நாள் காத்திருக்கிறாய்? பெயரில்லாத பிள்ளையைக் கொண்டுபோவது லேசு. அவனுக்கு ஒரு பல்லுள்ள பெயரைக் கொடு."

எங்களிடமும் உண்டு, தெரியும்தானே. பிள்ளை தங்காத வீட்டில் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைப்பார்கள். தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். என்னோடு படித்த பிச்சை இன்றைக்கு லண்டனில் மூன்று கடை வைத்திருக்கிறான். மற்ற நேரமென்றால் இதெல்லாம் மூட நம்பிக்கை என்று நானே மேடை போட்டுப் பேசியிருப்பேன். அன்றைக்கு எனக்கு மேடையும் இல்லை, கதையும் இல்லை.

மேலே போனேன். வசந்தி பால் எடுக்க அடுத்த அறைக்குப் போயிருந்தாள். முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டு, அவன் தலையைத் தொட்டு, "ஓநாய்" என்றேன். வெட்கமாக இருந்தது. திரும்பவும் சொன்னேன். தாதி "பெயர் வைத்துவிட்டீர்களா?" என்று ஆவலாகக் கேட்டாள். இல்லை, சும்மா கதைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும், வசந்தி இல்லாத நேரம் பார்த்து, மூன்று தரம். சளி இறங்கத் தொடங்கியது. மருந்துதான் செய்தது, எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தப் பயம்.

"மகளுக்கு?" என்று கேட்டாள் ஹலினா. ஸொஸுல்யா என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது, குயில் என்று அர்த்தம், பெண் பிள்ளைக்கு நல்லாயிருக்கும், எடுத்துக்கொள் என்றாள்.

"அவளுக்கு என்ன அவசரம்? அவள் பெண் சிங்கம்," என்றேன் நான். "முப்பத்தோராம் நாள் வடிவான பேராய் வைப்பம்." சட்டைப்பையில் ஐந்து பெயர் எழுதிய துண்டு வைத்திருந்தேன். எடுத்து அவளுக்குக் காட்டவும் செய்தேன்.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் ஹலினா இரண்டாம் மாடிக்கு வந்தாள். என் கையிலிருந்த மொப்பை வாங்கினாள். "மேலே போ" என்றாள். நான் இவனுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். ஓநாய், ஓநாய் என்று படி முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். மேலே போனால் இவன் நித்திரை. மற்றப் பெட்டியைச் சுற்றித்தான் ஆட்கள். காலையில் பால் குடித்தவளுக்குப் பத்து மணிக்கு வயிறு வீங்கத் தொடங்கியதாம். நேரத்துக்கு முந்திப் பிறந்த பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லாமல் வரும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நாலு மணிக்கு வசந்தியின் மடியில் தந்தார்கள். குழாய் ஒன்றும் இல்லாமல் அவளுடைய முகத்தை நாங்கள் அப்போதுதான் முழுதாகப் பார்த்தோம்.

ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். நல்ல மனுசி, அவளும் அழுதிருந்தாள். விருப்பமென்றால் இப்போது ஒரு பெயர் கொடுக்கலாம் என்றாள்.

வசந்தி தலையை ஆட்டினாள். "வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பேர் சொல்லிக் கூப்பிட்டா, பிறகு என்னால குடுக்கேலாது."

என் சட்டைப்பையில் ஐந்து பெயர் இருந்தது. ஒன்றையும் என்னால் வாயில் எடுக்க முடியவில்லை. 'பேபே, பெண்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

மூன்று நாள் கழித்து, நான் இவனுடைய தலையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது வசந்தி பின்னால் நின்றிருக்கிறாள். "என்னப்பா சொல்லுறீங்கள்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஹலினாவின் வம்சத்துக் கதை உட்பட. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப அவளுக்கு ஏன் வைக்கேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

நான் துவாரத்துக்குள்ளிருந்து கையை எடுத்தேன்.

இவன் பிழைத்தான். முப்பத்தோராம் நாள் ஆதவன் என்று பெயர் வைத்தோம். பதிவு ஒரு நாள் பிந்தியது, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறடி உயரத்தில் கம்பியூட்டர் வேலை செய்கிறான், சிநேகிதியோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறான், அரிசி மாப் புட்டென்றால் மூன்று கோப்பை சாப்பிடுவான். பத்தொன்பது நாள் தனக்குப் பக்கத்தில் ஒருத்தி கிடந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். தன்னுடைய முதற்பெயர் தெரியாது.

அந்தப் பிள்ளைகள் வார்ட் இப்போது இல்லை, வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. நுளம்பும் செம்மறிக்கடாவும் பென்சன் எடுத்து எங்கேயோ போய்விட்டார்கள். ஹலினா வின்னிபெக்குக்குப் போனாள். நத்தார் பண்டிகைக்கு ஐந்தாறு வருடம் கார்ட் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைக்குத் தகப்பனின் பெயர். அந்த வீட்டு ஓநாய் அவளோடு முடிந்துவிட்டது.

ஒவ்வொரு பெப்ரவரியும் வசந்தி கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்விப்பாள். கைக்குழந்தைக்கு அதெல்லாம் தேவையில்லை என்று பழைய ஐயர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அவருக்கு விசயம் தெரியும், ஒன்றும் விசாரிக்க மாட்டார். இந்த வருடம் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த இளம் ஐயர் நின்றார்.

"நட்சத்திரம் சொல்லுங்கோ மாமி."

"அனுஷம்."

"பேரு?"

பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். வசந்தி திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"பேர் இல்லை ஐயா," என்றேன். "பேர் வைக்க முதல் போயிட்டா."

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு கண்ணை மூடி மந்திரத்தைத் தொடங்கினார். நட்சத்திரத்தைச் சொன்னார். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு மிச்சத்தைச் சொன்னார். என் மகளுக்கு இந்த உலகத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.